ஆறு அச்சு

இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் லாரி நிற்கிறது என்கிறாள், லாரியை எப்போது எடுப்பான் என்று கேட்டால் டிரைவரைக் காணோம் என்கிறாள், டிரைவர் எங்கே போய்த் தொலைந்தான் என்று கேட்டால் "அது எனக்கு எப்பிடி சார் தெரியும், எங்கிட்டச் சொல்லிட்டா போனான்" என்று வாக்கி-டாக்கியிலேயே வாயாடுகிறாள். சகாயராணி. தண்டவாளம் மாற்றிவிட்டு எஞ்சினுக்கு வழிகாட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குப் புதிதாக வந்தவள், இந்த யார்டில் இன்று நாலாவது நாள். அதற்கு முன் பத்து வருஷம் ஆலையின் தண்டவாளப் பராமரிப்பில் கடப்பாரை பிடித்தவள், அதனால் ஒருவருக்கும் பயப்பட மாட்டாள். பயப்பட வேண்டாம் தாயே, லாரியை நகர்த்தச் சொல். தண்டவாளத்துக்குக் குறுக்கே லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவனைக் கேட்க இந்த உரத் தொழிற்சாலையில் ஆள் இல்லை, ஆனால் நான் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் கேட்பதற்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள். மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்கு யார்டு சூப்பர்வைசர் தாணுமாலயன் வந்து தாளைக் கேட்பான். தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது, வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு. நான் செய்ய வேண்டியதெல்லாம் அடியில் பால்வண்ணன், எஞ்சின் டிரைவர் என்று ஒரு கையெழுத்து. இருபத்தாறு வருஷமாகத் தினமும் ஏட்டில் போடுகிற கையெழுத்துதான், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இந்தச் சீட்டில் ஒரு ஸ்பிரிங் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, நாலு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று, ஒருவனும் வந்து பார்க்கவில்லை. எழுதிக் கொடுப்பதை யார் படிக்கிறார்கள்? எழுதி வாங்குவதை மட்டும் எல்லாரும் படிக்கிறார்கள். கேபினுக்குள் அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, வெளியே அமோனியா கண்ணைக் கரிக்கிறது, இந்த மூதேவி எஞ்சின் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கடகடவென்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

மூதேவி என்று சும்மா சொல்லவில்லை. ஷண்டிங் எஞ்சின் என்றால் என்ன? யார்டுக்குள்ளேயே சுற்றி வந்து வேகனை இழுத்து இங்கே விட்டு, தள்ளி அங்கே விடுகிற வேலை. சந்து பொந்தெல்லாம் நுழைய வேண்டிய வேலை. அதற்குக் குட்டையாக, நாலு அச்சோடு, திரும்பென்றால் திரும்புகிற எஞ்சின் வேண்டும். எங்களிடம் இருந்தது அப்படித்தான். இருபத்தாறு வருஷம் ஓட்டினேன், ஒருநாள் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வடக்கே ஏதோ இரும்பு ஆலை வேண்டாமென்று கழித்த இதைக் கொண்டுவந்தார்கள். ஆறு அச்சு. முன்னால் மூன்று, பின்னால் மூன்று. நூற்றிருபது டன். "இனிமே ஒரே இழுப்புல முப்பது வேகன் இழுக்கலாம் பால்வண்ணன்" என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். ஐயா, இங்கே மொத்தமே ஒன்பது வேகன்தானே நிற்கும், முப்பதை எங்கே கொண்டு நிறுத்த என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. யானையை வாங்கி ஆட்டுக்கொட்டிலில் கட்டினால் யானை என்ன செய்யும். அது வந்த அன்று பூஜை போட்டோம். சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்க எலுமிச்சம்பழம் வாங்கி வந்தவன் பாயிண்ட்ஸ்மேன் இசக்கியப்பன். எட்டுப் பழம் வாங்கி வந்தான். பழைய எஞ்சினுக்கு எட்டுச் சக்கரம், வருஷா வருஷம் எட்டு வாங்கிப் பழக்கம், கை அதுவாகவே எட்டை எண்ணிவிட்டது. வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தால் பன்னிரண்டு சக்கரம். "நடுவுல உள்ளதுக்கு அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி, அது ஒண்ணும் கோவிச்சுக்கிடாது" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், நாங்கள் ஒருத்தரும் புதிய எஞ்சினைப் பார்க்கவில்லை, பழையதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. தெரிந்து என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பேன், ஓட்டினேன்.

நாலாம் லைன் வளைவு இருக்கிறதே, அது குட்டை எஞ்சினுக்கென்று போட்ட வளைவு. வலதுபக்கம் சட்டென்று ஒடியும். இடதுபக்கம் மூட்டை கோடவுனின் சுவர், லைனை ஒட்டியே. இந்த நீளத்தைக் கொண்டு அதற்குள் நுழைந்தால் மூன்று சக்கரத்தில் நடுச்சக்கரம் அழும். முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் திரும்பும், நடுவில் உள்ளதற்குத் திரும்ப இடமில்லை, தண்டவாளத்தின் பக்கத்தில் உரசிக்கொண்டு ஒரு சத்தம் போடும், பல் கூசும். அந்தச் சத்தத்தைத்தான் எல்லாரும் கேட்டோம். கிரீஸ் தடவினோம், தண்ணீர் ஊற்றினோம், என்னமோ சத்தம்தான் வியாதி என்பது போல. எஞ்சினின் மூக்கை ஒருவரும் பார்க்கவில்லை. சக்கரம் தண்டவாளத்தோடு திரும்பும், உடம்பு திரும்பாது, அது நேர்ப்பட்டைதான். நீளமான உடம்பென்றால் வளைவுக்குள் போகும்போது மூக்கின் மூலை வெளிப்பக்கம் ஒதுங்கிச் சுவர்ப்பக்கமாகப் போகும். பழைய எஞ்சினில் மூலைப்படிக்கும் சுவருக்கும் ஒரு முழம் இருந்தது. அந்தப் படியில் பாயிண்ட்ஸ்மேன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நின்று வருவான், சுவரோரத்துக் காற்று முகத்தில் அடிக்க. இதில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது யார்? அளப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அனுமதிக் கடிதம் அனுப்பினார்கள், நாலாம் லைனில் நடை வேகத்தில் செல்லலாம், பாயிண்ட்ஸ்மேன் எஞ்சினுக்கு முன்னால் நடந்து செல்ல வேண்டும் என்று. நடந்து செல்ல வேண்டும். அதைப் படித்துக்காட்டியதும் நான்தான், இசக்கியிடம். படித்துக்காட்டிவிட்டு மடித்து என் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்தேன். அதன்மேல் டீ பிளாஸ்க்கை வைத்தேன்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா. படியில் நிற்கக் கூடாது என்ற எச்சரிக்கை எஞ்சினில் தெளிவாக எழுதப்பட்டிருந்தும், டிரைவருக்குத் தெரியாமல், பாயிண்ட்ஸ்மேன் இசக்கியப்பன் தானாகவே ஏறி நின்றார். எழுதப்பட்டிருந்ததாம். எப்போது எழுதினீர்கள்? அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாள் காலையில் பெயிண்டரைக் கூட்டிவந்து மஞ்சள் பெயிண்டில் எழுதினீர்கள். பெயிண்ட் வாடை போக நாலு நாள் ஆயிற்று, நான்தானே கேபினுக்குள் உட்கார்ந்து அதை முகர்ந்தேன். எழுத்து காயுமுன் கம்பியைப் பிடித்துவிட்டு என் உள்ளங்கையெல்லாம் மஞ்சள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், சோற்றில் மண்ணெண்ணெய் நாறியது. இன்று காலை தாணுமாலயன் தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதுல உமக்கு ஒரு பாதகமும் இல்லவே. அவனே அப்பிடித்தான் சொல்லியிருக்கான், நானாத்தான் ஏறுனேன்னு. நீரு ஆமான்னு போட்டாப் போதும்" என்றான். அப்புறம் அவனுக்கு என்ன கொடுப்பீர்கள், எடைமேடையில் உட்கார்ந்த வேலை கொடுப்பீர்களா என்று கேட்டேன். தாணுமாலயன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "தானா ஏறுனவனுக்கு எப்பிடிவே குடுப்பாங்க? சொந்தத் தப்புன்னா வீட்டுக்கு அனுப்பத்தான் செய்வாங்க. அது அவனுக்குத் தெரியாது. நீரும் சொல்லிக்கிட வேண்டாம்." ஏன் எனக்கு மட்டும் சொன்னான்? அவன் மனசிலிருந்த கல்லை இறக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நல்லவன்! நான் கையெழுத்துப் போட்டால் இசக்கி வெளியே. போடாமல் நடந்ததைச் சொன்னால் நான் இந்த எஞ்சினை விட்டு இறங்க வேண்டியதுதான், இன்னும் ஐந்து வருஷ சர்வீஸ் கிடக்கிறது, சின்னவள் படிப்பை முடிக்கவில்லை. இரண்டில் ஒன்று. பன்னிரண்டு மணிக்குள். லாரிக்காரன் இன்னும் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பான், அவன் வீட்டில் இழவு விழ.

நடந்தது. நடந்தது என்ன பெரிய ராமாயணமா, ஒரு வார்த்தை. ஏறிக்கோடே. மூன்று வாரமாக இந்த வார்த்தை பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேதான் போய்ப் போய் முட்டுகிறது. அவன் நடக்கத்தான் ஆரம்பித்தான். கடிதத்தில் உள்ளபடி, கையில் பச்சைக் கொடியோடு, எஞ்சினுக்கு முன்னால். கல்லுக்கு மேலே நடப்பது என்ன ஓட்டமா நடையா, அறுநூறு மீட்டர், அவன் பின்னால் நான் ஆமை மாதிரி. மணி பன்னிரண்டரை. நான் வாக்கியை எடுத்து, ஏறிக்கோடே, இப்பிடி நடந்தா எப்ப போய்ச் சேர என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். சிரித்தானா? கண்ணாடியில் தூசி, சரியாகத் தெரியவில்லை. படிப்பக்கம் போனான், மூக்குக்கு அந்தப்பக்கம் மறைந்தான். இந்த எஞ்சினில் கேபின் பின்னால், முன்னால் முழுக்க நீளமான பெட்டி, இடதுபக்க மூலையில் என்ன நடக்கிறது என்று வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பழையதிலும்தான் தெரியாது, ஆனால் அதில் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அவசரம். வேலை அவசரம், ஒன்பது வேகன் அன்று மதியமே போயாக வேண்டும். இல்லை, மூன்று மணிக்குத்தான் போக வேண்டும். அப்படியென்றால் என்ன அவசரம்? அதை விடு. ஏதோ அவசரம். வளைவுக்குள் நுழைந்தேன், நடுச்சக்கரம் கத்தியது, வழக்கமான கத்தல்தான். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை: எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு குலுக்கல் இல்லை. ஒரு தட்டு இல்லை. மாட்டுவண்டி ஒரு கல்லில் ஏறினால்கூட வண்டிக்காரனுக்கு முதுகில் தெரியும். ஒரு மனுஷனின் இடுப்பெலும்பு மூன்றாக உடைகிறது, நூற்றிருபது டன்னுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோடவுனில் மூட்டை தைக்கிறவர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்துத்தான் பிரேக்கைப் போட்டேன். அவர்கள் கத்தியிருக்காவிட்டால் போய்க்கொண்டே இருந்திருப்பேன். ஒருவேளை விசிலடித்துக்கொண்டு.

"சார், லாரி டிரைவர் வந்துட்டான். வண்டிய எடுக்கான்" என்கிறாள் சகாயராணி. எடுக்கட்டும். உடனே எடுத்துவிடுவானா, முதலில் ஸ்டார்ட் ஆக வேண்டும், அப்புறம் வெற்றிலை எச்சிலைத் துப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் இசக்கியின் பெண்டாட்டி எழுந்து ஸ்டூலை எனக்குப் போட்டாள். "அண்ணன் சாப்பிட்டீங்களா, முகமே வாடிக் கெடக்கே" என்றாள். புருஷனுக்குக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், இவள் என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு அந்த ஸ்டூலைத் தூக்கி ஜன்னலில் எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது, உட்கார்ந்துகொண்டேன். அவள் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றேன். அவள் வெளியே போனதும் இசக்கி என் கையைப் பிடித்தான். "என்கொயரிக்கு வந்தாவ அண்ணாச்சி. நானாத்தான் ஏறுனேன்னு சொல்லிட்டேன். யார்டுல பேசுனது யார்டோட. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்று கண்ணைச் சிமிட்டினான். யார்டில் பேசினது யார்டோடு. டிரைவரும் பாயிண்ட்ஸ்மேனும் வாக்கியில் என்ன பேசினாலும், ஏசினாலும், ஆபீஸ் வாசலைத் தாண்டி ஒரு வார்த்தை போகக் கூடாது, இது எனக்கு என் மூத்தவர்கள் சொன்னது, அவனுக்கு நான் சொன்னது. சொன்னபோது பெரிய சத்தியம் மாதிரி இருந்தது. அவன் அதைக் காப்பாற்றியதே எனக்கு ஆகவில்லை. ஏண்டா, உனக்கு இடுப்புதான் உடைந்தது, மூளையுமா? என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, உள்ளதை ஒத்துக்கொண்டிருப்பேன். இப்போது உன் நல்ல குணத்தை நான் என்ன செய்ய, எங்கே கொண்டு வைக்க? உனக்கு வேலை போகும் என்று தெரிந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாயா? தெரியாமல் சொன்னாய். தெரிந்த நான் சொல்லாமல் இருக்கிறேன். "எடைமேடையில போட்டுருவாங்க அண்ணாச்சி, ஃபேன் உண்டும்லா அங்க" என்றானே, அந்த ஃபேன். ஆமாம்டே, போட்டுருவாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. இன்று காலையிலிருந்து தெரியும்.

"சார், லைன் கிளியர். பாயிண்ட் போட்டாச்சு. வரலாம் வரலாம்." ஹாரன் அடித்தேன், ஒரு காக்கை பறந்தது, பிரேக்கை விட்டேன். மெதுவாக நகர்கிறது சனியன். நாலாம் லைன் வளைவு வருகிறது, வலதுபக்கம் தண்டவாளம் ஒடிகிறது. மணி பதினொன்று நாற்பத்தைந்து. போய் ஒன்பது வேகனையும் கோத்துக்கொண்டு வருவதற்குள் தாணுமாலயன் வந்து நிற்பான், பேனாவைத் திறந்து நீட்டுவான், அவன் பேனா எப்போதும் எழுதாது, உதறுவான், சட்டையில் மை தெறிக்கும். போட்டுவிடலாம். இசக்கி சின்ன வயது, வேறு எங்காவது பிழைத்துக்கொள்வான். எங்கே பிழைப்பான், ஊன்றுகோலோடு? முப்பத்தெட்டு வயதில்? பெரிய மயிரு மாதிரிப் பேசாதே. போடாமல் விடலாம். விட்டால் நாளைக்கு இந்தச் சீட்டில் வேறு எவனாவது உட்காருவான், ஸ்பிரிங் அவனைக் குத்தட்டும். நடுச்சக்கரம் அழ ஆரம்பித்துவிட்டது. சீ, வாயை மூடு. முன்னால் தண்டவாளத்தில் ஆளைக் காணோம். எஞ்சினுக்கு முன்னால் நடக்க வேண்டியவள் எங்கே? பச்சைக் கொடி தெரியவில்லை. வலதுபக்கம் இல்லை. எட்டிப் பார்க்கிறேன், மூக்கு மட்டும்தான் தெரிகிறது, மஞ்சள் எழுத்தின் பாதி. வாக்கியை எடுத்தேன். "சகாயராணி, எங்க நிக்க?"

"படியில சார்."

எந்தப் படி என்று கேட்கவில்லை. பிரேக்கை முழுக்க இழுத்தேன், காற்று சீறியது, ஆறு அச்சும் ஒன்றாகக் கிறீச்சிட்டு நின்றது, நெஞ்சு கண்ணாடியில் போய் அடித்தது. "எறங்கு! எறங்கு மூதேவி, எறங்கிட்டியா? பேசு!" என்று நான் கத்துவது எனக்கே வேறு யாரோ கத்துவது போலக் கேட்டது. இரண்டு எண்ணினேன். மூன்று எண்ணினேன். நாலு எண்ண முடியவில்லை.

"எறங்கிட்டேன் சார். எதுக்கு ஏசுதீங்க? எல்லாரும் இப்பிடித்தான வருவாங்கன்னு சொன்னாங்க" என்றது வாக்கி. மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு குரல் மாறியிருந்தது. "சார்... மூக்கு செவத்துப் பக்கமா வந்து நிக்கி. படிக்கும் செவத்துக்கும் எடையில என் கையி நொழைய மாட்டேங்கு."

பொத்தானை அழுத்தினேன். இந்தச் சேனலில் சிக்னல் கேபின்காரன் இருக்கிறான், கேட் ஆள் இருக்கிறான், தாணுமாலயன் இருக்கிறான், கோடவுன் சூப்பர்வைசர் இருக்கிறான், எல்லாரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அழுத்தினேன். "எல்லாரும் கேளுங்க. பால்வண்ணன் பேசுதேன். இசக்கி தானா ஏறல. அவன் நடந்துதான் போனான். ஏறச் சொன்னது நான். வாக்கில சொன்னேன், ஏறிக்கோடேன்னு. அன்னைக்கு எழுத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மறுநாத்தான் எழுதுனாங்க. வேல அவசரமும் இல்ல. புதங்கெழம கேண்டீன்ல மீன்கொழம்பு. ஒரு மணிக்குப் போனா தீந்துரும்னு ஏறச் சொன்னேன். மீன்கொழம்புக்கு."

எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தாணுமாலயன், அடித்தொண்டையில், பக்கத்தில் யாரோ நிற்பது போல: "பால்வண்ணன், என்னவே பேசுதீரு? சேனல்ல அத்தன பேரும் கேக்காவவே."

"கேக்கட்டும்" என்றேன். "ஒங்க தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற தாள் கொண்டாரும்."

"எங்கயும் போவாதீரும். நான் அங்க வாரேன்."

எங்கே போக, இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு. பின்னால் எடுக்க வேண்டும், வளைவை விட்டு வெளியே. சகாயராணி வலதுபக்கம் சுற்றி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். முழங்கையில் சுவர்ச் சுண்ணாம்பு. என்னை நிமிர்ந்து பார்த்தாள், கொடியை விரித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். அவள் நடைக்கு நான் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தேன். வேலை போகும். சின்னவளிடம் என்ன சொல்வது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். கோபம் போகவில்லை. சாயங்காலத்துக்குள் இது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். யார்டில் பேசினதை வெளியே சொல்லிவிட்டேன் என்று இசக்கி என்னை ஏசுவான். மீன்குழம்பு என்று கேள்விப்பட்டால் அவன் பெண்டாட்டி இன்னும் நன்றாக ஏசுவாள். ஏசட்டும். மூன்று வாரமாக என்னை ஒருவரும் ஏசவில்லை.